ஒரு கேபிளில் இரண்டு யூனிக்ஸ்: டெபியனையும் ஃப்ரீபிஎஸ்டியையும் இணைத்த பதிவு

நான் எழுதிவரும் ஒரு சிறிய சி நிரல் லினக்ஸிலும், யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும். மூலக்கோப்புகள் இருப்பது டெபியன் என்ற லினக்ஸ் ஓடும் புதிய கணினியில். ஃப்ரீபிஎஸ்டி இருப்பது பக்கத்து மேசையில் உள்ள பழைய டெஸ்க்டாப்பில். ஒரு வரியை மாற்றினால்கூட பென்டிரைவில் போட்டு அங்கே கொண்டுபோக வேண்டும். அங்கே தெரிந்த பிழையை அங்கேயே திருத்தினால், திருத்தியதை மறுபடி இங்கே கொண்டுவர வேண்டும். எந்தப் பக்கம் இருப்பது கடைசிப் பிரதி என்ற குழப்பம் வருவதற்குள் இரண்டையும் கேபிளால் இணைத்துவிட நினைத்தேன்.

பழையதற்கு 'அண்ணன்', புதியதற்கு 'தம்பி' என்று ஹோஸ்ட்நேம் வைத்தேன். பதிவு முழுக்க அப்படியே குறிப்பிடுகிறேன். தம்பி வைஃபை வழியாக இணையத்தில் இருக்கிறது. அண்ணனில் வைஃபை கிடையாது, ஈதர்நெட் போர்ட் ஒன்று மட்டும் உண்டு. நடுவில் ஸ்விட்சோ ரவுட்டரோ இல்லாமல் நேரடியாக இணைப்பதுதான் திட்டம்.

கேபிள் செருகி முகவரி கொடுத்து, 'இருக்கிறாயா' என்று எதிர்க்கணினியைக் கேட்கும் பிங்குக்குப் பதில் வரவைப்பது பெரிய வேலை இல்லை. அதற்குப் பிறகு இரண்டு இயந்திரங்களும் வேறு இரண்டு விஷயங்களில் ஒத்துப்போக வேண்டும்: பயனர் யார், இப்போது மணி என்ன. நேரம் எடுத்தவை அந்த இரண்டும்தான், அதனால் அவற்றை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கேபிள். 10, 100 மெகாபிட் ஈதர்நெட்டில் கணினியின் கார்டு 1, 2 ஆம் பின்களில் அனுப்பும், 3, 6 இல் வாங்கும். இரண்டு கணினிகளை நேராக இணைத்தால் அனுப்பும் கம்பி அனுப்பும் கம்பியோடு போய் முட்டும். அதனால்தான் ஒரு முனை டி568ஏ, மறுமுனை டி568பி என்ற கம்பி வரிசையில் கிரிம்ப் செய்த கிராஸ் கேபிள் தேவைப்பட்டது. கிகாபிட் கார்டுகள் பெரும்பாலும் இதைத் தாமாகவே கண்டறிந்து மாற்றிக்கொள்கின்றன, சாதாரண பேட்ச் கேபிள் போதும். இரண்டு பக்கமும் பழைய 100 மெகாபிட் கார்டுகளாக இருந்தால் மட்டும் கிராஸ் கேபிள் தேடுங்கள்.

செருகியதும் இரு பக்கமும் பச்சை விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்தால் இணைப்பு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அது என்ன வேகத்தில் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். தம்பியில் 'ஈத்டூல்', அண்ணனில் 'ஐஎஃப்கான்ஃபிக்' காட்டும் 'மீடியா' வரி, இரண்டும் 100 மெகாபிட் என்றன. இரண்டுமே கிகாபிட் கார்டுகள். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி அறுந்திருந்தால், கிகாபிட்டுக்கு முயன்று பார்த்துவிட்டு 100க்கு இறங்கிக்கொள்ளும் கார்டுகள் நிறைய உண்டு. வேறு கேபிள் போட்டதும் இரண்டு பக்கமும் 1000 என்று வந்தது. இதை இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுவது மிக முக்கியம். 100 மெகாபிட்டில் நொடிக்கு 12 மெகாபைட்டைத் தாண்ட முடியாது, கிகாபிட்டில் 110க்கும் மேல் வரும். பார்க்காமல் மேலே போயிருந்தால், கோப்புப் பகிர்வு ஏன் மந்தமாக இருக்கிறது என்று, பகிர்வுக்கு நான் பயன்படுத்தும் என்எஃப்எஸ்ஸின் அமைப்புகளைக் குடைந்துகொண்டிருக்க நேரிடும்.

அடுத்தது முகவரி. வீட்டுக்குள் பயன்படுத்தத் தனியாக ஒதுக்கிய மூன்று தொகுதிகளை 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 சொல்கிறது: 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குபவை. இவற்றில் எதை எடுத்தாலும் சரி, வைஃபை பயன்படுத்தும் அதே தொகுதியை மட்டும் எடுக்கக்கூடாது. என் வைஃபை 192.168.1 தொகுதியில் இருக்கிறது. கேபிளுக்கும் அதையே கொடுத்தால், 192.168.1இல் உள்ள ஒரு முகவரிக்குப் போக வேண்டிய பாக்கெட்டை எந்தக் கார்டு வழியாக அனுப்புவது என்பதில் தம்பிக்கே தகராறு வரும். அதனால் 192.168.77 தொகுதியை எடுத்துக்கொண்டேன். தம்பி 192.168.77.1, அண்ணன் 192.168.77.2, மாஸ்க் 255.255.255.0. இரண்டே கணினிகளுக்கு இவ்வளவு பெரிய தொகுதி தேவையில்லைதான். நாளைக்கு ஒரு ஸ்விட்ச் வைத்து மூன்றாவது கணினியைச் சேர்க்க வேண்டி வந்தால் எதையும் கலைக்க வேண்டாமே என்று அப்படியே விட்டேன்.

அண்ணனில் இது ஒரே வரி. ஃப்ரீபிஎஸ்டியில் கார்டின் பெயர் டிரைவரை வைத்து வரும்: இன்டெல் கார்டு என்றால் 'இஎம்0', ரியல்டெக் என்றால் 'ஆர்இ0'. ஈடிசி அடைவில் உள்ள 'ஆர்சி.கான்ஃப்' கோப்பில் அந்தக் கார்டுக்கு முகவரியையும் மாஸ்க்கையும் எழுதி, 'நெட்இஃப்' சர்வீஸை மறுதொடக்கம் செய்தால் வேலை முடிந்தது. ஒரே கோப்பில் கணினியின் அமைப்பு முழுவதும் அடங்கிவிடும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

தம்பியில் சற்றுக் கவனம் வேண்டும். 'ஐபி' கட்டளையால் கையில் கொடுக்கும் முகவரி மறுதொடக்கத்தில் போய்விடும். டெஸ்க்டாப் டெபியனில் அதற்கு முன்பே போய்விடவும் கூடும். அந்தக் கார்டு, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் நிரலின் பொறுப்பில் இருந்தால், அது முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரைத் தேடும். எதிர்முனையில் அப்படி யாரும் இல்லாததால் இணைப்பைக் கைவிடும், நாம் கொடுத்த முகவரியும் கூடவே போகும். ஆகவே முகவரியை நெட்வொர்க்மேனேஜரிலேயே 'மேனுவல்' என்று பதியுங்கள். அங்கே கேட்வே (வெளியே போகும் வழி) என்ற பெட்டியைக் காலியாக விட வேண்டும். அதில் அண்ணனின் முகவரியைப் போட்டால், தம்பியின் இணையப் போக்குவரத்து கேபிள் பக்கம் திரும்பிவிடும். அண்ணனுக்கு இணையமே கிடையாது என்பதால் அதோடு எல்லாம் நின்றுபோகும்.

பிங் இரு பக்கமிருந்தும் வந்தது, ஒரு மில்லிநொடிக்கும் குறைவாக. வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிங்கை நிறுத்திவிட்டு ஏஆர்பி பட்டியலைப் பாருங்கள். ஒரு ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு (கார்டின் வன்பொருள் எண்) உரியது என்று கேட்டு வைத்துக்கொள்ளும் பட்டியல் அது. எதிர்க்கணினியின் மேக் முகவரி அதில் இருந்தால் கேபிளும் கார்டும் சரி, ஃபயர்வால்தான் பிங்கைத் தடுக்கிறது. மேக் முகவரி இல்லாமல் முற்றுப்பெறாத பதிவாக இருந்தால் கோளாறு கீழே இருக்கிறது: தவறான கார்டுக்கு முகவரி கொடுத்திருக்கலாம், அல்லது எதிர்ப்பக்கக் கார்டு இன்னும் எழவில்லை. இந்த ஒரு பார்வை பாதித் தேடலை மிச்சப்படுத்தும். அதற்கும் மசியவில்லை என்றால், கார்டில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபிடம்ப்'. அது ஃப்ரீபிஎஸ்டியில் கூடவே வருகிறது.

பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டிஎன்எஸ் எதுவும் தேவையில்லை. இரண்டு கணினிகளிலும் ஈடிசி அடைவில் உள்ள 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் அந்த இரண்டு முகவரிகளையும் பெயர்களையும் சேர்த்தால் போதும்.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் மறையாக்கத்தோடு நுழைய உதவும் எஸ்எஸ்எச்சும் சிரமம் தரவில்லை. ஃபின்லாந்தில் தாத்து யுலோனென் 1995இல் இதை எழுதியதற்குக் காரணம், அவருடைய பல்கலைக்கழக வலையில் பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டதுதான். இரண்டு கணினிகளுக்கு நடுவே ஒற்றைக் கேபிள் இருக்கும் இடத்தில் ஒட்டுக்கேட்க ஆள் இல்லைதான். ஆனாலும் பழைய டெல்நெட் பக்கம் போக வேண்டாம், எஸ்எஸ்எச் இரண்டிலும் தயாராக இருக்கிறது. முதல் முறை இணையும்போது கைரேகை எண் ஒன்றைக் காட்டி 'ஆமா, இல்லையா' என்று கேட்கும். பலர் பார்க்காமலே ஆமாம் என்பார்கள். இரண்டு திரைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? 'எஸ்எஸ்எச்-கீஜென்' கட்டளையால் அண்ணனின் திரையில் அதே எண்ணை வரவழைத்து, ஒன்றுதான் என்று உறுதிசெய்த பிறகே ஆமாம் என்றேன். பின்பு இடி25519 வகைச் சாவி ஒன்றை உருவாக்கி அண்ணனுக்கு அனுப்பினேன், பாஸ்வேர்டு கேட்பது நின்றது. ஃப்ரீபிஎஸ்டியில் ரூட் என்ற நிர்வாகப் பயனர் எஸ்எஸ்எச் வழியாக நேராக நுழைய இயல்பாகவே அனுமதி கிடையாது. உங்கள் பயனர் 'வீல்' குழுவில் இருந்தால் உள்ளே போய் 'எஸ்யூ' கொடுத்து ரூட் ஆகலாம். இந்த ஏற்பாட்டை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

இனி கோப்புப் பகிர்வு. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் கொண்டுவந்த என்எஃப்எஸ்தான் இதற்கு என் தேர்வு. விண்டோஸ் முறையில் பகிரும் சாம்பா வைத்தாலும் நடக்கும், ஆனால் இரண்டு பக்கமும் யூனிக்ஸாக இருக்கும்போது கோப்பு அனுமதிகள் அப்படியே கடந்துவருவது என்எஃப்எஸ்ஸில்தான். தம்பி சர்வர், அண்ணன் க்ளையன்ட். டெபியனில் என்எஃப்எஸ் கெர்னல் சர்வர் பொதியை நிறுவிவிட்டு, 'எக்ஸ்போர்ட்ஸ்' கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும்: எந்த அடைவு, யாருக்கு, எந்த நிபந்தனைகளோடு.

அந்த வரியில் ஒரு கண்ணி உண்டு. கணினியின் முகவரியை அடுத்து அடைப்புக்குறிக்குள் நிபந்தனைகள் வரும். முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் இடைவெளியே இருக்கக்கூடாது. ஓர் இடைவெளி விழுந்தால் லினக்ஸ் அதை இரண்டு தனித்தனி அனுமதிகளாகப் படிக்கும்: அந்த முகவரிக்கு இயல்பான நிபந்தனைகள், மற்ற எல்லோருக்கும் அடைப்புக்குறிக்குள் இருப்பவை. அதாவது அண்ணனுக்கு என்று நினைத்து எழுதிய எழுத்து அனுமதி, வைஃபையில் இருக்கும் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும், அண்ணனுக்கு மட்டும் கிடைக்காது. வரியை எழுதிய பிறகு 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளையை ஹைஃபன் வி சேர்த்துக் கொடுத்து, சர்வர் அதை எப்படிப் புரிந்துகொண்டது என்று கட்டாயம் பாருங்கள். அங்கே நட்சத்திரக் குறியோ, அனைவருக்கும் என்ற பொருளில் வேறு எதுவுமோ தெரிந்தால் கோப்புக்குத் திரும்பிப் போங்கள்.

அண்ணனில் 'என்எஃப்எஸ் க்ளையன்ட்' சேவையை ஆர்சி.கான்ஃபில் இயக்கி, தம்பியின் அடைவை மவுன்ட் செய்தேன், அதாவது அண்ணனின் சொந்த அடைவு போலப் பொருத்தினேன். கோப்புகள் தெரிந்தன, திறந்து படிக்க முடிந்தது. ஆனால் ஒரு கோப்பைத் திருத்திச் சேமிக்கப் போனால் 'பெர்மிஷன் டினைடு'. எக்ஸ்போர்ட்ஸில் எழுத்து அனுமதி இருக்கிறது, அடைவின் உரிமையாளர் நான், இரண்டு கணினிகளிலும் என் பயனர் பெயர் ஒன்றே. பிறகு ஏன்?

'எல்எஸ்' கட்டளையை ஹைஃபன் எல் சேர்த்துக் கொடுத்தால் விடை அங்கேயே இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பதில் 1000 என்ற எண். டெபியன் தன் முதல் சாதாரணப் பயனருக்கு 1000 என்ற எண்ணைக் கொடுக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி தன் முதல் பயனருக்கு 1001 கொடுக்கிறது. என்எஃப்எஸ்ஸின் வழக்கமான அடையாள முறையில் பயனர் பெயர் கேபிளில் போவதே இல்லை, எண் மட்டும்தான் போகிறது. ஆளின் முகத்தைப் பார்க்காமல் டோக்கன் எண்ணை மட்டும் பார்த்து உள்ளே விடும் காவலாளி மாதிரிதான் சர்வர். அண்ணனிலிருந்து 1001 வந்து நின்றது, தம்பியில் கோப்புகள் 1000க்கு உரியவை. அதனால் மற்றவர்களுக்கு உள்ள படிக்கும் உரிமை மட்டும் கிடைத்தது.

இதற்குத் தீர்வுகள் இரண்டு. ஒன்று, வரும் எல்லாரையும் 1000 ஆகவே கருது என்று எக்ஸ்போர்ட்ஸ் வரியில் 'ஆல்ஸ்குவாஷ்' போட்டு எண்ணையும் குறிப்பிடுவது. ஒரே பயனர் என்றால் உடனே வேலை செய்யும். ஆனால் அண்ணனின் பக்கம் உரிமையாளர் இன்னும் 1000 என்ற பெயரில்லாத எண்ணாகவே தெரிவார், கோப்புகளைப் பிரதி எடுக்கும்போதெல்லாம் அந்த முரண்பாடு தலைகாட்டும். நான் இரண்டாவதை எடுத்தேன்: அண்ணனில் என் எண்ணையே 1000 ஆக மாற்றிவிடுவது. அதற்கு நீங்கள் அந்தப் பயனராக உள்ளே இருக்கக்கூடாது. எஸ்எஸ்எச்சிலிருந்து வெளியேறி, அண்ணனின் முன்னாலேயே உட்கார்ந்து ரூட்டாக நுழைந்தேன். 'பிடபிள்யூ' கட்டளையால் பயனர் எண்ணையும், அதே பெயரில் உள்ள குழுவின் எண்ணையும் மாற்றினேன். பயனர் எண் மாறினாலும் வட்டில் இருக்கும் பழைய கோப்புகள் 1001க்கே உரியவையாக இருக்கும். 'ஃபைண்டு' கட்டளையால் 1001க்கு உரிய கோப்புகளைத் தேடி 'சௌன்' கொடுக்க வேண்டும். ஹோம் அடைவோடு நிறுத்தாதீர்கள், அஞ்சல் பெட்டி வெளியே இருக்கிறது. என்எஃப்எஸ் மவுன்டை முதலில் கழற்றிவிட்டு இதைச் செய்யுங்கள், தேடல் கேபிளைத் தாண்டிப் போகாது.

எண்ணை நம்பி உள்ளே விடும் முறையில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1000 என்று சொல்லிக்கொள்ளும் எந்தக் கணினிக்கும் சர்வர் கதவைத் திறக்கும். க்ளையன்டின் ரூட்டை மட்டும் உரிமைகள் இல்லாத 'நோபடி' பயனராக மாற்றிவிடும் பாதுகாப்பு இயல்பாகவே உண்டு, மற்ற எண்களுக்கு அது இல்லை. அதனால் தம்பியின் ஃபயர்வாலில், என்எஃப்எஸ் போக்குவரத்துக்கு ஈதர்நெட் கார்டில் மட்டும் அனுமதி கொடுத்து, வைஃபை பக்கம் முழுவதும் மூடினேன். நடுவில் ரவுட்டர் வேண்டாம் என்று நேரடிக் கேபிளைத் தேர்ந்ததற்கு இங்கேதான் பலன் கிடைத்தது.

எழுதுவதும் படிப்பதும் சரியானது. கம்பைல் செய்யும் இடத்தை அண்ணனின் சொந்த வட்டிலேயே வைத்தேன். மூலக்கோப்புகள் மட்டும் தம்பியிலிருந்து வரும். கம்பைல் செய்யும்போது உருவாகும் ஆப்ஜெக்ட் கோப்புகள், லினக்ஸுடையவையும் ஃப்ரீபிஎஸ்டியுடையவையும், ஒரே அடைவில் விழுந்தால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும் என்பதால் இந்த ஏற்பாடு.

அப்போதுதான் உண்மையிலேயே திகைக்க வைத்த ஒன்று நடந்தது. தம்பியில் ஒரு ஃபங்ஷனைத் திருத்தினேன். அண்ணனில், கம்பைல் வேலையை நடத்தும் 'மேக்' கட்டளையைக் கொடுத்தால், எல்லாம் புதிதாகவே இருக்கிறது, செய்ய ஒன்றுமில்லை என்கிறது. கோப்பைத் திறந்தால் திருத்தம் அங்கே இருக்கிறது. மறுபடி 'மேக்', மறுபடி அதே பதில். சற்று நேரம் கழித்து இன்னொரு திருத்தம் செய்தால் ஒழுங்காகக் கம்பைல் ஆகிறது.

காரணம் கடிகாரம். அண்ணனின் மணி தம்பியைவிடச் சில நிமிடங்கள் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. 'மேக்' ஒரு கோப்பை மறுபடி கம்பைல் செய்யலாமா என்று முடிவு செய்வது நேர முத்திரைகளை ஒப்பிட்டுத்தான்: மூலக்கோப்பு ஆப்ஜெக்ட்டைவிடப் புதியது என்றால் செய், இல்லையேல் விடு. மூலக்கோப்பின் முத்திரை தம்பியின் கடிகாரத்தில் விழுகிறது, ஆப்ஜெக்ட்டின் முத்திரை அண்ணனின் கடிகாரத்தில். அண்ணன் ஐந்து நிமிடம் முன்னே ஓடினால், கம்பைல் செய்து முடித்த அடுத்த ஐந்து நிமிடங்களுக்குள் தம்பியில் செய்யும் எந்தத் திருத்தமும் ஆப்ஜெக்ட்டைவிடப் பழையதாகவே தெரியும். அண்ணன் பின்தங்கி ஓடியிருந்தால் ஜிஎன்யு மேக் எச்சரிக்கையாவது கொடுத்திருக்கும். முன்னே ஓடும்போது எந்தச் சத்தமும் வராது, பழைய நிரலையே புதியது என்று நம்பிச் சோதித்துக்கொண்டிருப்போம். கடிகாரங்கள் ஒத்துப்போகாத வலையில் 'மேக்' தரும் முடிவை நம்ப முடியாது.

தம்பி இணையத்திலிருந்து நேரத்தை வாங்குகிறது. அதையே அண்ணனுக்கு நேர சர்வராக வைத்தேன். டெபியனில் இயல்பாக வரும் 'டைம்சிங்க்டி' நேரத்தை வாங்கும், பிறருக்குக் கொடுக்காது. எனவே கொடுக்கவும் தெரிந்த 'க்ரோனி'யை நிறுவி, 192.168.77 தொகுதிக்கு அனுமதி என்று ஒரு வரி சேர்த்தேன். இணையம் இல்லாத வேளையிலும் தன் நேரத்தைக் கொடுக்கட்டும் என்பதற்கு 'லோக்கல் ஸ்ட்ரேட்டம் 10' என்று இன்னொரு வரி. இரண்டு கணினிகளும் உலக நேரத்தோடு ஒரு நொடி பிசகினாலும் பரவாயில்லை, ஒன்றோடொன்று பிசகக்கூடாது என்பதே என் தேவை. அண்ணனில் ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் 'என்டிபிடி' போதும். அதன் கான்ஃபிக் கோப்பில் உள்ள இணைய சர்வர்களை நீக்கிவிட்டுத் தம்பியின் முகவரியைக் கொடுத்தேன். வித்தியாசம் 1000 நொடிகளைத் தாண்டினால் என்டிபிடி திருத்த மறுத்துத் தானே நின்றுவிடும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினிகளில் இது நடக்க வாய்ப்பு அதிகம். தொடங்கும்போது ஒருமுறை எவ்வளவு வித்தியாசமானாலும் சரிசெய்துகொள் என்று சொல்ல ஆர்சி.கான்ஃபில் 'சிங்க் ஆன் ஸ்டார்ட்' என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கியே வையுங்கள். அதன் பிறகு 'மேக்' ஒழுங்காக நடக்கிறது.

அண்ணனுக்கு இணையம் தேவைப்பட்டது ஜிஎன்யு மேக்கை நிறுவத்தான், மற்ற எல்லாமே அதன் அடிப்படை அமைப்பில் இருந்தன. தம்பியில், பிறரின் பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கி, அண்ணனின் போக்குவரத்தைத் தம்பியின் முகவரியில் வெளியே அனுப்பும் மாஸ்கரேடு விதி ஒன்றை என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வாலில் வைஃபை கார்டுக்குச் சேர்த்தேன். அண்ணனில் டீஃபால்ட் ரவுட்டராக 192.168.77.1, ரிசால்வ்.கான்ஃபில் ஒரு டிஎன்எஸ் சர்வர். அவ்வளவே. இணையத்து ஐபி முகவரி பிங்குக்குப் பதில் தந்து, பெயர் மட்டும் பதில் தராவிட்டால் கடைசியாகச் சொன்ன கோப்பைப் பாருங்கள்.

மீதி இருந்தது ஒன்று: தம்பியை அணைத்தால் அண்ணனுக்கு என்ன ஆகும்? என்எஃப்எஸ் இயல்பாக 'ஹார்டு' மவுன்ட். சர்வர் காணாமல் போனால் அது திரும்பி வரும்வரை க்ளையன்ட் காத்துக்கொண்டே இருக்கும். அந்த அடைவைத் தொட்ட ஒவ்வொரு நிரலும் அப்படியே உறைந்து நிற்கும், 'எல்எஸ்' உட்பட. 'சாஃப்ட்' என்று போட்டால் சிறிது நேரத்தில் பிழை சொல்லி விட்டுவிடும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் பாதியில் அப்படி விட்டால் அந்தக் கோப்பு அரைகுறையாக நின்றுவிடலாம், நிரல் அதைக் கவனிக்காமலே போகலாம். மூலக்கோப்புகள் விஷயத்தில் அந்த அபாயத்துக்கு நான் தயாரில்லை. ஹார்டாகவே வைத்து, 'இன்டர்' என்ற விருப்பத்தைச் சேர்த்தேன். ஃப்ரீபிஎஸ்டியில் அது இருந்தால் உறைந்த நிரலைக் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்த முடிகிறது. லினக்ஸ் இந்த விருப்பத்தை 2.6.25 கெர்னலிலிருந்து கண்டுகொள்வதில்லை, அங்கே 'கில் ஹைஃபன் 9'தான் வழி.

மவுன்ட்களின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி, அண்ணன் எழும்போதே மவுன்ட் ஆகும்படி முதலில் வைத்திருந்தேன். தம்பி அணைந்திருந்தால் அண்ணன் பூட் ஆகும் வழியிலேயே நின்று காத்திருந்தது. 'பிஜி' விருப்பம் அதைப் பின்னணிக்குத் தள்ளிவிடும். அதைவிட எனக்கு ஒத்துவந்தது 'ஆட்டோஎஃப்எஸ்'. அடைவுக்குள் நுழையும்போதுதான் மவுன்ட் செய்கிறது, கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தானே கழற்றிவிடுகிறது. எஃப்எஸ்டேபில் இருந்த வரியை எடுத்துவிட்டேன். இப்போது இரண்டையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் இயக்கலாம், அணைக்கலாம். ஆட்டோஎஃப்எஸ் அமைப்பை மாற்றினால் அண்ணனில் 'ஆட்டோமவுன்ட்' கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும், இல்லையேல் பழைய வரைபடமே நடப்பில் இருக்கும்.